பழைய படப் பைத்தியங்களுக்கு: கிளாசிக் திரைப்பட விழாவுக்குப் போய் உருப்படியாகப் படம் பார்ப்பது எப்படி

கிளாசிக் திரைப்பட விழாவுக்கு முதல்முறை போகிறவர்கள் செய்யும் தப்பை நானும் செய்தேன். பாஸ் வாங்கியாச்சு, இனி ஒரு காட்சியைக்கூட விடக்கூடாது என்று காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய் நள்ளிரவுக்கு வெளியே வந்தேன். ஒரு நாளைக்கு ஆறு படம். முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் மாலை, எந்தப் படத்துக்காக அந்த விழாவுக்கே கிளம்பினேனோ, டிஸ்க்கிலும் வராமல் இணையத்திலும் கிடைக்காமல் பல வருஷம் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருந்த அந்த மௌனப் படம், அது ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் கைதட்டும் சத்தத்தில்தான் விழிப்பு வந்தது. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நானும் எழுந்து நின்று கைதட்டினேன், வேறென்ன செய்வது.

அந்த எரிச்சலில்தான் அடுத்தடுத்த விழாக்களுக்கு ஒரு கணக்கோடு போக ஆரம்பித்தேன். கணக்கு இவ்வளவுதான்: வீட்டில் பார்க்க முடிகிற எதையும் விழாவில் பார்க்காதே. பாஸ், வரிசை, இருக்கை, தூக்கம், சாப்பாடு என்று கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைவிடுவதுதான்.

எந்த விழா

கிளாசிக் விழா என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கிறது. இத்தாலியின் பொலோனியாவில் ஜூன் கடைசியில் நடக்கும் இல் சினிமா ரித்ரோவாதோ 1986-ல் தொடங்கியது. கண்டெடுத்த படங்கள், மீட்டெடுத்த படங்கள், யாரும் கேள்விப்படாத இயக்குநர்கள் என்று பகலெல்லாம் பல அரங்குகளில் ஒரே நேரத்தில் ஓடும், இரவானால் ஊர் நடுவில் பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தில் பெரிய திரை கட்டி இலவசமாகவே போடுவார்கள். அதே நாட்டில் போர்தெனோனே என்ற சின்ன ஊரில் அக்டோபரில் நடப்பது முழுக்க முழுக்க மௌனப் படங்களுக்கான விழா, 1982-லிருந்து. அமெரிக்காவில் ஹாலிவுட்டில், பழைய படங்களைப் போடும் டிசிஎம் (டர்னர் கிளாசிக் மூவீஸ்) தொலைக்காட்சி 2010 முதல் நடத்துவது நான்கு நாள் கூத்து. 1927-ல் திறந்த சைனீஸ் தியேட்டர், 1922-ல் திறந்த ஈஜிப்ஷியன் தியேட்டர் மாதிரியான அரங்குகளில், அந்தப் படங்களில் நடித்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ வந்து பேசுவார்கள். பிரான்சின் லியோனில் 2009-ல் ஆரம்பித்த லூமியேர் விழாவும் அக்டோபரில்தான்.

நடிகர்களைப் பற்றிய கதை கேட்கப் பிடிக்கும், கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கப் பிடிக்கும் என்றால் ஹாலிவுட். தோண்டித் துருவுகிற ஆள் என்றால் பொலோனியா. ஆனால் முதல்முறை போகிறவர் என்னைக் கேட்டால் போர்தெனோனேதான் சொல்வேன். பெரும்பாலும் ஒரே அரங்கு, ஒரு நேரத்தில் ஒரே படம், அதனால் "அதை விட்டுவிட்டு இதற்கு வந்துவிட்டோமே" என்ற புலம்பலுக்கே இடமில்லை. அங்கே போக முடியாதவர்களுக்காக 2020-லிருந்து சில படங்களை ஆன்லைனிலும் காட்டுகிறார்கள், முதலில் அதைப் பார்த்துவிட்டு இந்தப் பைத்தியம் நமக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்யலாம்.

நைட்ரேட் பிக்சர் ஷோ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நைட்ரேட் என்பது எளிதில் தீப்பிடிக்கும் பழைய வகைப் படச்சுருள், பின்னால் விவரமாகச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் ராசெஸ்டர் நகரத்தின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் 2015-ல் ஆரம்பித்தது. என்ன படம் போடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள், விழா தொடங்கும் நாளில்தான் பட்டியல் வரும். கடைசிப் படத்தின் பெயரை அப்போதும் சொல்வதில்லை, திரையில் தெரிகிற வரை அது ரகசியம். என்ன படம் என்றே தெரியாமல் டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் எப்படிப்பட்ட கூட்டமாக இருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விழாவை முடிவு செய்ததும் முதலில் தங்குமிடம், அப்புறம் பாஸ். தலைகீழாகச் செய்து நான் மாட்டியிருக்கிறேன். பெரும்பாலான இடங்களில் அறையை ரத்து செய்தால் பணம் திரும்ப வரும், பாஸுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. அரங்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அறை கிடைத்தால் கொஞ்சம் வசதிக்குறைவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் போய்ப் படுத்து எழுந்து வர முடிகிற அறைக்கு முன்னால் பேருந்து பிடித்துப் போக வேண்டிய நல்ல ஹோட்டல் ஒன்றுமே இல்லை.

நிகழ்ச்சி நிரலை வாசிக்கத் தெரிய வேண்டும்

முழு அட்டவணை பெரும்பாலும் விழாவுக்குச் சில வாரம் முன்புதான் வரும். வந்ததும் எல்லாரும் படத்தின் பெயரைப் பார்ப்பார்கள், நடிகர்களைப் பார்ப்பார்கள். நீங்கள் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியைப் பாருங்கள். மௌனப் படம் என்றால் அது இந்த மாதிரி இருக்கும்: 35 மி.மீ., 1,620 மீட்டர், 79 நிமிடம், வினாடிக்கு 18 பிரேம். பக்கத்தில் எந்த ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த பிரிண்ட் என்று ஒரு பெயர்.

இந்த ஒரு வரியில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று பாருங்கள். 35 மி.மீ. அகலச் சுருளில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52.5 பிரேம், அதாவது தனித்தனிப் படம், வரும். அப்படியானால் 1,620 மீட்டரில் சுமார் 85,000 பிரேம். வினாடிக்கு 18 என்று ஓட்டினால் 79 நிமிடம். இதே சுருளைப் பேசும்படத்தின் வேகமான 24-ல் ஓட்டினால் 59 நிமிடத்தில் முடிந்துவிடும், எல்லாரும் வாலில் தீப்பிடித்த மாதிரி ஓடுவார்கள். பழைய மௌனப் படம் என்றாலே குடுகுடுவென்று ஓடுகிற மனிதர்கள் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் தப்பான வேகத்தில் ஓட்டியதுதான். கைப்பிடியைச் சுற்றிப் படம் பிடித்த காலம் அது, வேகம் படத்துக்குப் படம் மாறும். வேகத்தைக் கணக்கிட்டு அச்சில் போடுகிற விழா அந்தப் படத்தை மதிக்கிறது என்று அர்த்தம். அந்த வரியே இல்லாத விழா என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

பொடி எழுத்தில் 35 மி.மீ., 16 மி.மீ., 70 மி.மீ., நைட்ரேட் என்று இருந்தால் வட்டம் போடுங்கள். டிசிபி என்று இருந்தால் அது டிஜிட்டல் பிரதி. டிஜிட்டல் என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், பல நல்ல மீட்டெடுப்புகள் அந்த வடிவத்தில்தான் வருகின்றன, முதல்முறை திரையிடுவதென்றால் கட்டாயம் போகலாம். ஆனால் ஏற்கெனவே நல்ல டிஸ்க் வெளிவந்துவிட்ட புகழ்பெற்ற படத்தின் டிசிபிக்கும், வேறெங்கும் பிரதி இல்லாத படத்தின் 35 மி.மீ. சுருளுக்கும் ஒரே நேரத்தில் காட்சி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதற்குப் போங்கள். முதலாவது எங்கேயும் ஓடிப்போய்விடாது.

இரண்டாவது ஓடிப்போகலாம், அதுதான் விஷயம். 1912-க்கும் 1929-க்கும் நடுவே அமெரிக்காவில் வெளிவந்த முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 11,000. வெளிவந்த வடிவத்திலேயே முழுதாக இன்று எஞ்சியிருப்பவை அதில் 14 சதவீதம்தான் என்று அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எஞ்சியதிலும் பல ஒரே ஒரு காப்பகத்தில் ஒரே ஒரு சுருளாக இருக்கின்றன. அதை ஒரு விழாவுக்கு அனுப்புகிறார்கள் என்றால், அடுத்து எப்போது வெளியே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் அட்டவணையைத் தாளில் அச்சிட்டு மூன்று வண்ணப் பேனாவோடு உட்காருவேன். சிவப்பு என்றால் வேறெங்கும் கிடைக்காதது, செத்தாலும் போக வேண்டும். நீலம், போனால் நல்லது. பச்சை, வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் பெரிய திரையில் ஆசைக்கு. ஒரு நாளைக்கு இரண்டு சிவப்புக்கு மேல் வைக்காதீர்கள். சிவப்புக்கு முந்தின காட்சியைக் காலியாக விடுங்கள், அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், தூங்குங்கள், வெயிலில் நில்லுங்கள். நான் அன்று தூங்கிய படம் சிவப்பு, அதற்கு முன் தொடர்ந்து நான்கு பச்சை பார்த்திருந்தேன். அதில் இரண்டு எனக்கு வசனத்தோடு மனப்பாடம்.

இன்னொன்று, அட்டவணையில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். படத்துக்கு முன் ஒருவர் வந்து ஐந்து நிமிடம் பேசுவதாகச் சொல்லிப் பதினைந்து நிமிடம் பேசுவார். சுவாரசியமாகத்தான் பேசுவார், அதுதான் சிக்கல். முடிந்தபின் கேள்வி பதில் இருந்தால் இன்னும் அரை மணி. வேறு அரங்குக்கு நடக்க வேண்டும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு படத்துக்கு நடுவில் முக்கால் மணி நேரம் இல்லையென்றால் அந்த இரண்டும் உங்களுக்குக் கிடையாது, ஒன்றை இப்போதே அடித்துவிடுங்கள்.

வரிசை

பாஸ் கையில் இருப்பதால் இருக்கை உறுதி என்று நினைக்க வேண்டாம். சில விழாக்களில் பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஆன்லைனில் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட நேரத்தில் திறக்கும், திறந்து சில நிமிடத்தில் நிறையும். டிசிஎம் விழாவில் வரிசையில் வந்து சேர்கிறவர்களுக்கு எண் போட்ட அட்டை கொடுப்பார்கள், அந்த எண்ணை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள், அட்டை வாங்கிக்கொண்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

இதில் அனுபவத்தில் தெரிந்துகொண்ட ஒன்று. நிறைந்துபோவது பெரிய படம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. உலகமே அறிந்த படத்தை ஆயிரம் பேர் கொள்ளும் அரங்கில் போடுவார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் போனாலும் எங்கேயாவது இடம் இருக்கும். யாருக்கும் தெரியாத 1932-ஆம் வருஷத்து அறுபத்தெட்டு நிமிடப் படத்தை இருநூறு பேர் கொள்ளும் குட்டி அரங்கில் போடுவார்கள், அதற்குத்தான் நம்மைப் போன்ற முந்நூறு பைத்தியங்கள் ஒரு மணி நேரம் முன்பே வந்து நிற்கும். அதனால் வரிசைக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும் என்பதைப் படத்தின் புகழை வைத்து முடிவு செய்யாதீர்கள், அரங்கின் அளவை வைத்து முடிவு செய்யுங்கள்.

வரிசையில் நிற்பது வீண் என்று போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். விழாவின் பாதி அங்கேதான் நடக்கிறது. ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மூலையெல்லாம் மழுங்கிய நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் படத்தின் பெயர், தேதி, அரங்கு, எந்த வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் யார். நட்சத்திர மதிப்பெண் எல்லாம் கிடையாது. "படம் எப்படி என்று எழுதமாட்டீர்களா?" என்று கேட்டேன். "அது மாறிக்கொண்டே இருக்கும், எங்கே உட்கார்ந்தேன் என்பது மாறாது" என்றார். அன்றிலிருந்து நானும் இருக்கை எண்ணை எழுதிவைக்கிறேன்.

எங்கே உட்காருவது

பழைய படங்களின் திரை அகலம் குறைவு. உயரத்தை 1 என்று வைத்தால் அகலம் மௌனப் படத்தில் 1.33, பேசும்படம் வந்து 1932-ல் நிலைத்த அளவு 1.37, அதாவது கிட்டத்தட்டச் சதுரம். 1953-க்கு அப்புறம்தான் திரை பக்கவாட்டில் நீண்டது. இன்றைய அரங்குகள் நீண்ட திரைக்காகக் கட்டியவை, அதில் பழைய படம் நடுவில் சின்னதாகத்தான் தெரியும். அதனால் வழக்கமாக உட்காருவதைவிட இரண்டு மூன்று வரிசை முன்னால் போங்கள். 70 மி.மீ. என்றால் பழையபடி நடுவுக்கு வந்துவிடுங்கள்.

வெளிநாட்டு விழாக்களில் சப்டைட்டில் பல நேரம் படத்தின் மேல் இருக்காது, பழைய பிரிண்டில் அதைப் பதிக்க முடியாதல்லவா, திரைக்குக் கீழே தனிப் பட்டையில் ஓடும். முன்வரிசையில் உயரமான ஆள் உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. சரிவு குறைவான அரங்கில் ஓரத்து இருக்கையோ பால்கனியின் முதல் வரிசையோ நல்லது. பழைய அரண்மனை மாதிரி அரங்குகளில் தூண் மறைக்கும் இருக்கைகளும் உண்டு, உட்காருமுன் ஒருமுறை திரையின் நான்கு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுருள் ஓடும்போது எதைப் பார்ப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்துச் சுருளைத் துண்டு துண்டாக ஒட்டி ஒரே பெரிய சுருளாக்க அனுமதிக்க மாட்டார்கள். அதனால் இரண்டு புரொஜெக்டர் இருக்கும், ஒன்றில் ஒரு ரீல் முடியும்போது அடுத்ததில் அடுத்த ரீல் தொடங்க வேண்டும். 2,000 அடி ரீல் என்றால் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இது நடக்கும். திரையின் வலது மேல் மூலையைப் பாருங்கள், ஒரு சின்னப் புள்ளி பளிச்சென்று தோன்றி மறையும், கண் சிமிட்டினால் போச்சு. அது ஆபரேட்டருக்கான சைகை: இரண்டாவது மோட்டாரை ஓட விடு. ஏழு வினாடி கழித்து இன்னொரு புள்ளி: மாற்று. அவர் கை சரியாக இருந்தால் வசனத்தின் நடுவில் ரீல் மாறியதே உங்களுக்குத் தெரியாது. முதல் புள்ளியை ஒருமுறை கவனித்துவிட்டால் ஆயுசுக்கும் கண் தானாக அந்த மூலைக்குப் போகும், அந்தச் சாபத்தை உங்களுக்கும் கொடுத்துவிட்டேன்.

1950-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரை அச்சான பல வண்ணப் பிரிண்டுகள் இன்று இளஞ்சிவப்பாகிவிட்டன, வானமும் புல்லும் முகமும் எல்லாம் ரோஸ் நிறம். படம் தொடங்கியதும் யாராவது "அய்யோ" என்பார்கள். ஆனால் டெக்னிகலர் நிறுவனம் சாயத்தை ஒவ்வொரு நிறமாகச் சுருளில் ஒற்றி எடுத்த பழைய முறைப் பிரிண்டுகள் அப்படியே இருக்கும், எழுபது வருஷம் ஆனாலும் சிவப்பு சிவப்பாகவே நிற்கும். நிரலில் அப்படி ஒரு குறிப்பைக் கண்டால் அதுவும் சிவப்புப் பேனாவுக்குரியது. மௌனப் படங்களும் முழுக்கக் கறுப்பு வெள்ளை இல்லை, இரவுக்கு நீலம், விளக்கு எரியும் அறைக்குத் தேன் நிறம், தீ விபத்துக்குச் சிவப்பு என்று சுருளையே சாயத்தில் முக்கி எடுப்பார்கள். முதல்முறை பார்க்கும்போது விசித்திரமாக இருக்கும், அரை மணி நேரத்தில் அது இல்லாமல் பார்க்கவே பிடிக்காது.

நைட்ரேட். 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. சுருள்களைப் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் செய்தார்கள். எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே வைத்திருக்கும் பொருள், தண்ணீருக்குள் முக்கினாலும் எரிந்துகொண்டே இருக்கும். அதனால் உலகத்தில் மிகச் சில அரங்குகளில்தான் இன்று அதை ஓட்ட அனுமதி, ஆபரேட்டர் அறையின் ஜன்னல்களில் தீப்பிடித்தால் தானே விழுந்து மூடும் இரும்புத் தகடு இருக்கும். ராசெஸ்டர் விழாவில் ஒவ்வொரு சுருளும் எவ்வளவு சதவீதம் சுருங்கியிருக்கிறது என்பதைக்கூட நிரலில் அச்சிடுகிறார்கள், சுருங்கினால் ஓரத்துத் துளைகள் புரொஜெக்டர் பல்லில் சரியாக உட்காராது. "நைட்ரேட்டில் வெள்ளி மின்னும்" என்று பலர் உருகுவார்கள். நான் பார்த்ததில் சிலது அப்படித்தான் இருந்தது, கறுப்பு அடர்த்தியாக, ஒரு நடிகையின் காதணியில் வெளிச்சம் பட்டபோது முன்வரிசையே மூச்சை இழுத்தது. சிலது வெறும் பழைய பிரிண்டாகத்தான் இருந்தது. நல்ல லேபில் எடுத்த பிரதியா, எத்தனை தடவை ஓடியது என்பதையெல்லாம் பொறுத்தது. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டு போங்கள்.

கீறல், ஒட்டு, திடீரென்று ஒரு வரி வசனம் தாவுவது, இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்கள் டிஸ்க்கில் பார்ப்பதே நல்லது.

நேரடி இசை

மௌனப் படத்துக்கு யாரோ வாசிக்கிறார்கள், பின்னணியில் ஏதோ கேட்கும் என்று நினைத்துப் போனேன், முதல் படத்திலேயே அந்த எண்ணம் உடைந்தது. விழாக்களில் வாசிக்கிறவர்களில் பலர் எழுதிவைத்த இசையைப் பார்த்து வாசிப்பதில்லை, திரையைப் பார்த்து அங்கேயே உருவாக்குகிறார்கள். சில நேரம் அவர்களே அந்தப் படத்தை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். ஸ்டீபன் ஹார்ன் என்ற இசைக்கலைஞர் ஒரு கையால் பியானோவும் இன்னொரு கையால் புல்லாங்குழலுமாக ஒரே நேரத்தில் வாசிப்பவர், அக்கார்டியனும் எடுப்பார். திரையில் ஒரு பெண் கடிதத்தைப் படித்து முடிக்கிற இடத்தில் இசை நின்றுபோய், அரங்கில் நானூறு பேர் மூச்சு விடுவது மட்டும் கேட்கிற ஒரு சில வினாடி இருக்கிறதே, அதை எந்த டிஸ்க்கிலும் போட்டுத்தர முடியாது.

அதனால் ஒரே மௌனப் படம் டிஸ்க்கில் இருந்தாலும், நேரடி இசையோடு என்றால் என் கணக்கில் அது வீட்டில் கிடைக்காத படம். நிரலில் வாசிப்பவர் பெயரைப் பாருங்கள், இரண்டு மூன்று நாளில் உங்களுக்கே ஒருவர் பிடித்துப்போவார், அப்புறம் படத்துக்காக இல்லாமல் அவருக்காகவே போவீர்கள். உட்காரும்போது பியானோ இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்காருங்கள், வாசிப்பவரின் சின்ன விளக்கு திரையின் இருட்டைக் கெடுக்காது.

உடம்பு

அரங்கு குளிரும், வரிசை வேகும். மெல்லிய சால்வையோ ஸ்வெட்டரோ எப்போதும் பையில். தண்ணீர் பாட்டில். கொறிக்க எதைக் கொண்டுபோனாலும் சத்தம் போடாத உறையில் கொண்டுபோங்கள், மௌனப் படத்தில் பியானோ மெதுவாகும் இடத்தில் ஒரு பாலித்தீன் உறை கசங்குகிற சத்தம் இடி மாதிரி கேட்கும், மொத்த அரங்கும் திரும்பிப் பார்க்கும், எனக்குத் தெரியும். ஒரு வேளையாவது உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மத்தியான இரண்டரை மணிக் காட்சிக்கு மட்டும் போகாதீர்கள், அதிலும் மெதுவாக நகரும் படத்துக்கு. நள்ளிரவுக் காட்சி ஒன்று ஆசைக்குப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த நாள் காலைக் காட்சியை அப்போதே அட்டவணையிலிருந்து அடித்துவிட்டுப் போங்கள். ஒரு நாளைக்கு மூன்று படம் சுகம், நான்கு பரவாயில்லை, ஐந்தாவது படத்தின் கதையும் இரண்டாவது படத்தின் கதையும் மறுநாள் காலையில் ஒன்றாகக் கலந்திருக்கும்.

சக பைத்தியங்கள்

டிசிஎம் விழாக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம். கதாநாயகன் பெயர் திரையில் வரும்போது கைதட்டுவார்கள், அது எல்லா ஊரிலும் நடப்பது. பட்டியலில் ஏழாவதாக வரும் குணச்சித்திர நடிகர், எல்லாப் படத்திலும் ஹோட்டல் குமாஸ்தாவாகவோ சமையற்காரராகவோ இரண்டு நிமிடம் வந்துபோனவர், அவர் பெயருக்கு அதைவிடச் சத்தமாகக் கைதட்டுவார்கள். இறந்து அரை நூற்றாண்டு ஆன ஒரு துணை நடிகருக்கு இப்படி ஒரு வரவேற்பு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் வசனத்தைச் சேர்ந்து சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "இந்த செட் வேறொரு படத்துக்குப் போட்டது" என்று கிசுகிசுக்காதீர்கள். நம் ஆட்கள் எல்லாருக்கும் இருக்கிற நோய் அது, எனக்கும் உண்டு, வெளியே வந்து சொல்லிக்கொள்ளலாம். போனை அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தைக் குறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இருட்டுக் காட்சியில் அந்தக் குறைந்த வெளிச்சமே கண்ணைக் குத்தும்.

சிரிப்பு ஒரு தனிப் பிரச்சினை. நூறு வருஷம் முந்தைய நடிப்பைப் பார்த்துக் கேலியாகச் சிரிக்கிற ஒருவர் எந்த அரங்கிலும் இருப்பார். பத்து நிமிடம் பொறுங்கள், படம் நன்றாக இருந்தால் அவரையே அடக்கிவிடும். வேறு விதமான சங்கடமும் வரும். வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக நடிப்பது, பெண்ணை அறைவதை நகைச்சுவையாகக் காட்டுவது, பழைய படங்களில் இது நிறைய. நல்ல விழாக்களில் படத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிடுவார்கள். நான் அந்த முன்னுரையைத் தவறவிடுவதில்லை. படத்தை நேசிக்கிறேன் என்பதற்காக அந்தக் காட்சியில் கூசாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, எழுந்து வந்தாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

கடைசி நாள்

கடைசி நாள் நிரலில் சில கட்டங்கள் காலியாக இருந்தால் அதை ஓய்வு என்று நினைத்து ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். டிசிஎம் விழாவில் ஞாயிற்றுக்கிழமைக்கு இப்படிச் சில காட்சிகளைப் பெயர் போடாமல் வைத்திருப்பார்கள், முந்தின நாட்களில் இடமில்லாமல் பலர் திரும்பிப்போன படங்களை மறுபடி அதில் போடுவார்கள். குட்டி அரங்கில் நீங்கள் தவறவிட்ட சிவப்புப் படம் வர நல்ல வாய்ப்பு உண்டு. அறிவிப்பு வந்ததும் உடனே வரிசைக்குப் போய்விடுங்கள். ரயிலோ விமானமோ இரவுக்கு மேல், முடிந்தால் மறுநாள் காலை.

தினமும் படுக்கப்போகும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அன்று பார்த்ததை எழுதிவிடுங்கள்: பெயர், அரங்கு, இருக்கை, வாசித்தவர், நினைவில் நிற்கிற ஒரே ஒரு காட்சி. ஊருக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றால் பாதி போய்விடும்.

நான் தூங்கிய படம் மூன்று வருஷம் கழித்து வேறொரு விழா நிரலில் கண்ணில் பட்டது. சிவப்புப் பேனாவால் மூன்று சுற்று சுற்றினேன். முந்தின காட்சியை விட்டுவிட்டு அறையில் ஒரு மணி நேரம் தூங்கி, முகம் கழுவி, முக்கால் மணி முன்னாலேயே போய், பியானோவுக்கு எதிர்ப்பக்கம் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து, ஒரு நொடிகூடக் கண் மூடாமல் பார்த்தேன். சுமாரான படம்தான்.